சிறுநீரகக் கற்கள் என்று எழுதிய கசெற்

கட்டுகலை,
கண்டி.
22.02.2009, ஞாயிறு

என் அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

நீயும் மருமகனும் அந்தப் பனிக்குள் கைகால் விறைக்காமல், வேளைக்கு இரண்டு வாய் சோறு சாப்பிட்டு, நல்லபடி இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், இன்னும் சாப்பிடவில்லை என்றால் கடிதத்தை வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா, இது கொஞ்சம் நீளம். இங்கே நாங்கள் அந்தோனியார் புண்ணியத்தில் சுகம். சுகம் என்றால் அப்பாவுக்கு வலது முழங்கால் வலி, எனக்கு இடது முழங்கால் வலி, இரண்டு பேரும் கைகோத்து நடந்தால் ஒரு முழு ஆள் தேறும். ஹந்தானை மலைப் பக்கமிருந்து காலையில் மூட்டம் இறங்கிப் பத்து மணி வரை துணி காய விடுவதில்லை. லீலாதேவி அன்ரி முன்சுவருக்கு மூன்றாவது தடவையாகப் பெயின்ற் மாற்றியிருக்கிறாள், இந்த முறை இருமல் மருந்தின் நிறம். வருகிற புதன் விபூதிப் புதன், தபசுகாலம் தொடங்குகிறது. இந்த முறை நாற்பது நாளுக்கும் எதை விடலாம் என்று அப்பாவிடம் கேட்டேன். உம்மட கதையைக் கொஞ்சம் விடுமன் என்றார். அதனால்தான் புதன் வருவதற்குள் எல்லாக் கதையையும் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மனுவேல் அங்கிளின் மகள் றீற்றா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை ஒஸ்லோவுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லக்கூடிய கதையாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன், நேரம் எப்படி என்று உனக்குத் தெரியும், யார் யாருடைய காது எங்கே இருக்கிறது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

போன ஞாயிறு நீ போனில் சொன்னதையே ஒரு கிழமையாக மென்றுகொண்டிருக்கிறேன். அம்மா, இங்கே இப்ப யாரும் பாட்டு வாங்கிறதில்லை, ஒரு கம்பனியிட்ட உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கு, கேட்டதும் கொம்பியூற்றர்ல கொட்டுது, கையில ஒண்டும் வச்சிருக்கத் தேவையில்லை, ஊர்ல செக்கிங் நடக்குது எண்டுறீங்கள், அந்தக் கசெற் பெட்டியைத் தூக்கி எறியுங்கோ என்றாய். நீ அப்பாவுடைய ஊர்ப் பேச்சில் பேசினால் கோபமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், அதனால் சரி மகள், பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். பெட்டி என்று நீ சொல்வது நம்முடைய அலுமாரியின் அடித்தட்டில் இருக்கிற நாற்பத்து மூன்று கசெற்றைத்தான். அதை எறிந்தேனா இல்லையா என்ற கேள்விக்கு இந்தக் கடிதம் முழுவதும்தான் பதில். இடையில் நிறுத்திவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் பார்க்காதே, உன் சின்ன வயதுப் பழக்கம் எனக்குத் தெரியும்.

முதலில் உன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் டீச்சர் அல்லவா, இரண்டு பக்கத்துக்கும் மார்க் போட வேண்டும். உனக்கு இரண்டு வயதாக இருந்தபோது, எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது, நாங்கள் பேராதனை வீதியில் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தோம். கலியாணத்துக்கு என் அண்ணன் கொடுத்த இசைத்தட்டுப் பெட்டியும் இருபத்தொரு தட்டும் அங்கே இருந்தன. நாங்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு கன்னியாஸ்திரி மடத்துக்கு ஓடிவிட்டோம், தட்டுகள் ஓடவில்லை. நாலாம் நாள் போய்ப் பார்த்தால் வீதியில் கறுப்பாக, தோசை கருகிய மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அப்பா அதைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, இனி வாங்கிறேல்லை, றேடியோ போதும், காத்தில வாற பாட்டை ஒருத்தரும் எரிக்க ஏலாது என்றார். ஆகவே உன் கம்பனிக்காரனின் யோசனை உன் அப்பாவுக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தியே வந்துவிட்டது என்று அவனிடம் சொல். கையில் இருப்பதுதான் எரியும், அது சரி. ஆனால் றேடியோவுக்கு ஒரு பாட்டுக் கேட்டுத் தபாலட்டை போட்டால் மூன்று கிழமை கழித்து, நான் குழாயடியில் நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் என் பெயரையும் வாசித்துப் பாட்டையும் போடுவான். லீலாதேவி கேட்டுவிட்டு வந்து, உம்மட பாட்டுப் போச்சுது, நல்லா இருந்தது என்பாள். என் பாட்டு, கேட்டது அவள்!

அதனால் ஒரு வருஷத்துக்குள் அப்பாவின் பேச்சை மீறி நான் கொழும்பு வீதியில் லாபிர் நானாவின் ரெக்கோடிங் கடைக்குப் போகத் தொடங்கினேன். அங்கே வழக்கம் என்னவென்றால், நாம் வெறுங்கசெற்றோடு ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும், நானா தன்னிடமுள்ள தட்டுகளிலிருந்து பதிந்து நாலு நாளில் தருவார். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்று நான் பரீட்சைத் தாள் தயாரிப்பதைவிடக் கூடுதலாக யோசித்து எழுதுவேன். பன்னிரண்டு பாட்டுக்குப் பிறகும் நாடாவில் இடம் மிஞ்சினால் நானா அதைச் சும்மா விடமாட்டார். டீச்சர், மூணு நிமிஷம் மிச்சம் இருந்திச்சு, வெறுமனே ஓட விட மனசு வரல்ல, நம்ம விருப்பத்துக்கு ஒண்ணு போட்டுட்டேன் என்பார். இப்படித்தான் நான் கேட்காத பாட்டொன்று ஒரு கசெற்றின் வாலில் வந்து சேர்ந்தது. எந்தப் படம், யார் பாடியது என்று நானாவுக்கே தெரியாது. ஒரு படகுக்காரன் தன் வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரிப் பாட்டு, அடுப்பை அணைத்துவிடாதே, ஆறு பெருகினாலும் நான் வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்று. இந்தப் பாட்டை மறந்துவிடாதே, பின்னால் வரும்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். லீலாதேவிக்கு இரவல் வியாதி. கொறற்றி, ஒரு கசெற் தாருமன், நாளைக்குத் தாறன் என்று என்னிடம் கேட்பாள். அந்த நாளை இன்னும் விடியவில்லை. ஆறு கசெற் போன பிறகு எனக்கு மூளை வேலை செய்தது. நல்ல பாட்டுக் கசெற்றுகளின் முகத்தில் இருந்த தாளை உரித்துவிட்டு, கணக்கியல் பாடம் ஒன்று, கணக்கியல் பாடம் இரண்டு என்று எழுதி ஒட்டினேன். கணக்கியல் தீர்ந்ததும் வாழைச்செய்கை, கூட்டுறவுச் சங்க உபவிதிகள் என்று போனேன். லீலாதேவி பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, என்னப்பா, சரியான வறட்சியா இருக்கு, உங்கட அவர் சோதினைக்குப் படிக்கிறாரோ என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் குசினியில் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். கடவுள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், சிரி சிரி என்று.

எண்பத்தாறு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை நம்முடைய லேனைச் சுற்றி வளைத்தார்கள். எங்கேயோ ஏதோ வெடித்திருந்தது. உனக்கு அப்போது ஐந்து வயது. வீட்டுக்குள் வந்த சார்ஜன் ஐம்பது வயது மனிதர், வத்தேகமக்காரர், மூக்குக்கண்ணாடி போட்டவர். பெட்டியைத் திறந்து ஒரு கசெற்றை எடுத்து என்னிடம் நீட்டி இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். உன் அப்பாவுக்கு அப்போது சிங்களம் கந்தோருக்கு மட்டும்தான், நான் கண்டியில் பிறந்து வளர்ந்தவள், எனக்குத் தண்ணீர் மாதிரி வரும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி, கணக்கியல் பாடம் மூன்று மாத்தயா என்று வாசித்தேன். அவர் அதை நம்முடைய கசெற் மெஷினிலேயே போட்டு அமத்தினார். ஒரு பொம்பிளை விம்மி விம்மி நிலாவைக் கூப்பிட்டாள். இன்னொன்றைப் போட்டார், வாழைச்செய்கை, அதிலும் ஒருத்தி அழுதாள். சார்ஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நோனா, வாழை நடுவதற்கு ஏன் அழ வேண்டும் என்று கேட்டார். நான் லீலாதேவியின் இரவல் வியாதியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். உண்மை என்பது சில நேரம் எவ்வளவு பொய் மாதிரி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். பெயர் ஒன்று, உள்ளே வேறொன்று, அப்படியானால் இது ஏதோ இரகசியப் பாஷை என்று முடிவாயிற்று. பெட்டியையும் மெஷினையும் ஜீப்பில் ஏற்றினார்கள். எழுத்து என்னுடையது மாத்தயா, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். வீட்டுத் தலைவன் யார் என்று கேட்டு அப்பாவை ஏற்றினார்கள்.

பக்கத்து வீட்டில் இரவல் போகக் கூடாது என்று நான் செய்த குறும்புக்கு உன் அப்பா பொலிஸில் அடைபட்டிருந்தார் மகள். இதை நான் உனக்கு இதுவரை சரியாகச் சொன்னதில்லை. அப்பாவைச் செக்கிங்கில் பிடித்தார்கள், விட்டார்கள் என்று மட்டும்தான் சொன்னேன். அவரைப் பார்க்க விடவில்லை. இங்கே இருக்கிறார் என்றான் ஒருவன், நேற்றே கொழும்புக்கு ஏற்றியாயிற்று என்றான் இன்னொருவன். கொழும்புக்கு ஏற்றிய ஆட்கள் திரும்புகிற கதை அந்த நாளில் குறைவு. ஆனால் பொலிஸில் மேலேயுள்ள பெரியவர் ஒருவர் உத்தரவு போட்டிருந்தார், எல்லாக் கசெற்றையும் கேட்டு, ஒவ்வொரு பாட்டிலும் என்ன சொல்லப்படுகிறது என்று சிங்களத்தில் அறிக்கை எழுத வேண்டும் என்று. அங்கே தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் ஹாஷிம் லீவில் போயிருந்தார். நான் சொல்கிறேன் மாத்தயா என்று நானே போய் நின்றேன். உன்னை விட்டுவிட்டு வர ஆளில்லாமல் உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மூன்று நாள் பிள்ளை, மூன்று நாள். காலை எட்டரைக்குப் போய் வாங்கில் உட்காருவேன், ஒரு சின்னக் கொன்ஸ்டபிள் மெஷினை இயக்குவான், நான் மொழிபெயர்ப்பேன், சார்ஜன் பெரிய புத்தகத்தில் எழுதுவார். பாட்டு ஒன்று, பெண் நிலவிடம் முறைப்பாடு செய்கிறாள். பாட்டு ஏழு, ஆண் பெண்ணின் கண்ணை மீன் என்கிறான். ஏன் மீன் என்று கேட்டார், அது எங்கள் வழக்கம் மாத்தயா என்றேன், வழக்கம் என்று எழுதினார். பாட்டு பதினாலு, பெண் மறுபடி அழுகிறாள், காரணம் சொல்லப்படவில்லை. அப்படியேதான் எழுதினார், நான் எட்டிப் பார்த்தேன். இரண்டாம் நாள் பின்னேரமாகும்போது அவருக்குப் பாட்டுகளில் பிடித்தமும் வந்துவிட்டது, இந்தப் பெண் அந்தப் பையனைக் கட்டினாளா இல்லையா என்று கேட்கத் தொடங்கிவிட்டார். பிற்காலத்தில் பென்ஷன் எடுத்த பிறகு ஒருநாள் மார்க்கெற்றில் என்னைக் கண்டு, நோனா, அந்தப் பதினாலாம் நம்பர்ப் பெண்ணுக்கு என்னதான் பிரச்சினை என்று கேட்டாரே! ஆனால் அந்த மூன்று நாளும் நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பாட்டையும் நீட்டி நீட்டிச் சொன்னேன். கசெற் முடிந்துவிட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பிறகு அவர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் போய்விடும். நீ சார்ஜன் வாங்கித் தந்த பணிஸைக் கடித்துக்கொண்டு மேசைக்குக் கீழே இருந்தாய்.

மூன்றாம் நாள் ஒன்பதாவது கசெற்றின் கடைசியில் லாபிர் நானா போட்ட படகுக்காரன் பாட்டு வந்தது. அடுப்பை அணைத்துவிடாதே என்று தொடங்கி நாலு வரிதான் போயிருக்கும், சார்ஜன் கொஞ்சம் திருப்பிப் போடச் சொன்னார். கொன்ஸ்டபிளுக்குத் தூக்கமோ என்னமோ, திருப்பிவிட்டு அமத்தும்போது சிவப்புக் கட்டையையும் சேர்த்து அமத்திவிட்டான். சக்கரம் சுற்றுகிறது, சத்தம் இல்லை. சார்ஜன், பழுதாகிவிட்டதா என்று கேட்டார், கொன்ஸ்டபிள் தட்டிப் பார்த்தான், யாருக்கும் விளங்கவில்லை. எல்லோரும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது பின்னாலிருந்து, அந்த இருட்டு நடைக்கு அப்பாலிருந்து, ஒரு குரல் நின்றுபோன பாட்டைப் பிடித்துக்கொண்டு பாடியது. அடுப்பை அணைத்துவிடாதே, ஆறு பெருகினாலும் வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்று. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. பூசையில்கூட வாயைத் திறக்காத மனுஷன், உன்னைத் தாலாட்டியதுகூட இல்லை. மூன்று நாளும் அவர் உள்ளே இருந்து எல்லாப் பாட்டையும், என் குரலையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நீ மேசைக்குக் கீழே இருந்து வெளியே வந்து, அது அப்பா, ஆனா அப்பாக்குப் பாடத் தெரியாதே என்றாய். சார்ஜன் உள்ளே யார் பாடுகிறது என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். ஒரு ஆள், தான் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பதாகத் தன் மனைவிக்குச் சொல்கிறான் மாத்தயா, வேறொன்றும் இல்லை. அவர் அதை எழுதவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு, இவ்வளவு மோசமாகப் பாடுகிற ஒருவனால் யாருக்கும் ஒரு ஆபத்தும் வராது என்றார். மறுநாள் விட்டார்கள். வந்த நாளிலிருந்து அப்பாவின் இடது காது மந்தம்.

பெட்டியும் மெஷினும் ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தன. நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டு போனேன், படகுக்காரன் பாட்டு வந்தது, இரண்டு வரியில் நின்றது, அதற்குப் பிறகு பொலிஸ் ஸ்டேஷன் கேட்டது. பதிவு செய்கிற அந்தச் சிவப்புக் கட்டை செய்த வேலை. லாபிர் நானா வழக்கமாகக் கசெற்றின் முதுகில் இருக்கிற சின்னப் பல்லை உடைத்துத்தான் தருவார், உடைத்தால் மேலே பதிய முடியாது. பிறகு எதற்காவது உதவும், உடைக்காதீங்க நானா என்று சொன்னது என் கஞ்சத்தனம். டைப்ரைற்றர், காகம், சார்ஜனின் செருமல், உன் கீச்சுக் குரல், எல்லாவற்றுக்கும் பின்னால் உன் அப்பாவின் பாட்டு. அடுத்த அறையில் இருந்த அப்பா எழுந்து வந்தார், முகத்தில் இரத்தம் இல்லை. இஞ்சேரும், உது பொலிஸுக்குள்ள பதிஞ்சது, உது எங்கட வீட்டில இருக்குதெண்டு தெரிஞ்சால் இந்தமுறை திரும்பி வரமாட்டன், உடன எரிச்சுப் போடும் என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. சரிங்க என்று சொல்லிவிட்டுப் பின்வளவுக்குப் போய் ஒரு கசெற்றை எரித்தேன். அது லீலாதேவியின் கசெற், என் ஆறு கசெற்றுக்குப் பதிலாக நான் இரவல் வாங்கி வைத்திருந்த அவள் புருஷன் நவரட்ணராஜாவின் கச்சேரிக் கசெற். இன்றைக்கும், கொறற்றி, அந்தக் கச்சேரி உம்மட்டத்தானே என்று கேட்கிறாள், இல்லையே என்கிறேன், பொய் இல்லை, என்னிடம் இல்லைதானே. இதை றீற்றாவிடம் சொல்லாதே, அவள் வாயிலிருந்து நேரே லீலாதேவியின் காதுக்குப் போய்விடும்.

நம்முடைய கசெற்றின் முகத்தில், சிறுநீரகக் கற்கள், டாக்டரின் விளக்கவுரை என்று எழுதி அடியில் வைத்தேன். எல்லாப் பொய்ப் பெயரையும் திருத்திவிடுவதாக அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தேன்தான், இரண்டைத் திருத்திக்கொண்டிருக்கும்போது லீலாதேவி ஒரு கசெற் கேட்டு வந்தாள், நேர்த்தி அதோடு நின்றது. அப்பா கந்தோருக்குப் போன நேரத்தில், எண்ணி நாலு தடவை அதைக் கேட்டிருக்கிறேன். நாடா தேய்ந்துவிடும் என்று அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டாயிரத்து இரண்டில் என்ன நடந்தது தெரியுமா, அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது! உனக்கு நினைவிருக்கும், நீதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாய். வீட்டுக்கு வந்ததும் மனுஷன், இஞ்ச உதைப் பற்றி ஒரு கசெற் கிடந்ததெல்லே, டாக்குத்தர் என்ன சொல்லுறார் எண்டு கேப்பம் என்று பெட்டியைக் கிளறத் தொடங்கினார். நான் மெஷினைத் துடைக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போய், குசினிக்குள் வைத்து மூடியைத் திறந்து, உள்ளே ஓடுகிற ரப்பர் வாரை இழுத்து அறுத்துவிட்டேன். மெஷின் பழுதுங்க என்றேன். கெட்ட நேரம், கல் வந்த நேரம் பார்த்து இதுவும் பழுதாப்போச்சு என்று அவர் மெஷினுக்காகவும் கவலைப்பட்டார். அன்றிலிருந்து வீட்டில் பாட்டு இல்லை. நாற்பத்து மூன்று கசெற்றை வைத்துக்கொண்டு பாட்டில்லாமல் ஏழு வருஷம் இருந்தவள் நான், நீயோ ஒன்றும் வைத்திருக்காமல் எல்லாவற்றையும் கேட்கிறாய். இதில் யார் கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியும், சொல்லத்தான் வெட்கம்.

இனி இந்தக் கிழமைக் கதை. திங்கட்கிழமை, வீட்டில் இருப்பவர்களின் விபரம் எழுதச் சொல்லிப் படிவம் வந்தது. வன்னியில் நடக்கிறதைக் கேட்டுக் கேட்டு இங்கே எல்லோரும் குரலைக் குறைத்துத்தான் பேசுகிறோம், லீலாதேவிகூட. நீ சொன்னது சரி என்று பட்டது, எறிந்துவிட நினைத்துப் பெட்டியை வெளியே எடுத்தேன், எடுத்தவள் திருப்பி வைத்தேன். எறிய வேண்டாம், பெயரையாவது திருத்துவோம் என்று, காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்ரரை வெட்டி வெட்டி ஒட்டி, உள்ளே என்ன பாட்டோ அதையே எழுதினேன். அப்பா, இப்பத்தான் உமக்குப் புத்தி வந்ததோ என்று கேட்டார். புதன் பின்னேரம் நாற்பத்திரண்டு முடிந்தது. கடைசி ஒன்றில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உண்மையை எழுதினால் ஆபத்து, அப்பாவுக்கும் தெரிந்துவிடும். பழையபடி பொய்யை எழுத இந்த முறை கை வரவில்லை. அப்படியே கல்லோடு விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். இளம் இன்ஸ்பெக்டர், உன் வயதுதான் இருக்கும், மரியாதையான பிள்ளை, சப்பாத்தை வாசலில் துடைத்துவிட்டு வந்தான். கூட இரண்டு ஆமிக்காரர், ஒரு பெண் பொலிஸ். மெத்தை, அரிசிப் பானை, அப்பாவின் பைல் எல்லாம் பார்த்துவிட்டு அலுமாரிக்கு வந்தான். பெட்டியைத் திறந்ததும் நாற்பத்திரண்டு வெள்ளைப் பிளாஸ்ரருக்கு நடுவே அழுக்குத் தாளோடு ஒன்றுதான் தெரிந்தது. நான் மறைக்க நினைத்ததைக் காட்டிக் கொடுத்தது நான் திருத்திய நாற்பத்திரண்டும்தான். அதையே எடுத்தான். இது மட்டும் ஏன் வேறு மாதிரி, என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டான். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அதே கேள்வி, அதே இடம், அதே முட்டாள் டீச்சர். அப்பா பக்கத்தில் நிற்கிறார். வாசிக்கக் கூடாது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. எழுதியிருப்பது பொய் மகன், உள்ளே எங்கள் வீட்டு மாத்தயா ஒரு பாட்டுப் பாடுகிறார் என்றேன். இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்த்தான். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

போட்டுக் காட்டுங்கள் என்றான். மெஷினைக் கொண்டு வந்து வைத்தேன். அமத்தினான், அசையவில்லை. திருப்பி அமத்தினான், ஒன்றுமில்லை. ஸ்டேஷனில் இதைப் போட ஏதாவது இருக்கிறதா என்று பின்னால் திரும்பிக் கேட்டான். ஆமிக்காரரில் ஒருவன் சிரித்துவிட்டான். சேர், இதெல்லாம் இப்ப யாரிடம் இருக்கிறது, என் போனில் அறுநூறு பாட்டு இருக்கிறது என்றான். இன்ஸ்பெக்டர் கசெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டியும் பார்த்தான், சின்னப் பிள்ளை கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி. பிறகு, பத்திரமாக வைத்திருங்கள் அம்மா, என் தாத்தாவும் பாடுவார், குடித்தால் மட்டும் என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டான். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா என்பது உனக்கு மறந்திருக்காது. அன்றைக்கு நம்மைக் காப்பாற்றியது யார் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தோனியாரும், நான் அறுத்த ரப்பர் வாரும், உன் கம்பனிக்காரனும்தான். ஊருலகமெல்லாம் கசெற் மெஷினைக் கைவிட்டபடியால்தான் நம்முடைய கசெற் தப்பியது. ஆகவே நான் உன்னோடு சண்டை பிடிக்கவில்லை, அவனுக்கு என் நன்றியைச் சொல்.

அவர்கள் போன பிறகு அப்பா கதிரையில் உட்கார்ந்தார். அப்ப அண்டைக்கு எரிச்சது எதை என்று கேட்டார். லீலாவுடைய கச்சேரியை என்றேன். பிறகு தோள் குலுங்கியது, அழுகிறாரோ என்று பயந்து கிட்டப் போனால் சிரிக்கிறார், கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது, இரண்டும் ஒன்றாக. நவரட்ணராஜா பாவம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்ர பாட்டு எவ்வளவு நேரம் போகுது என்று கேட்டார். மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். நான் அவ்வளவு பாடினனோ என்றார். அவருக்கு நினைவில்லையாம் மகள். பாடியது நினைவிருக்கிறது, எப்படிப் பாடினார் என்று நினைவில்லை. எரிக்கச் சொன்ன அன்றைக்குக்கூடப் பயத்தில் தன் குரலைக் கேட்கவே இல்லையாம். வெள்ளிக்கிழமை எனக்குச் சொல்லாமல் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு கொழும்பு வீதிக்குப் போயிருக்கிறார். லாபிர் நானாவின் கடையில் இப்போது மகன் போன் விற்கிறான். நானா ஒரு மூலையில் கதிரை போட்டிருந்து, அந்த வார் இப்ப எங்கயும் எடுக்கேலாது ஐயா என்று கையை விரித்தாராம். சனி முழுக்க மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

எனவே நீ கேட்டதற்குப் பதில், பெட்டியை எறியவில்லை, எறியவும் மாட்டேன். அந்தப் படகுக்காரன் பாட்டு உன் கம்பனியில் இருக்கலாம், தேடிப் பார். இருந்தால் முழுதாக இருக்கும், அழகாக இருக்கும், நல்ல சுருதியில் இருக்கும். நம்முடையது இரண்டு வரியோடு நின்றுவிடும், அதற்குப் பிறகு வருவது அவர்களிடம் இருக்காது. கசெற்றை றீற்றா கையில் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கட்டுநாயக்கா எயர்போட்டில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள், ஊரான் பிள்ளையை மாட்டிவிடக் கூடாது, எனக்கு ஒருமுறை போதும். ஆகவே அது இங்கேயே இருக்கட்டும், நீ வா. றீற்றாவிடம் மாசிச் சம்பலும் பாணிப்பலாக்கொட்டையும் கொடுத்திருக்கிறேன், மாசிச் சம்பல் போத்தலைக் குளிர்ப்பெட்டிக்குள் வைக்காதே, மருமகனுக்கு உறைப்புக் குறைத்துக் கொடு. காதை மூடித் தொப்பி போடு. தபசுகாலத்தில் வெள்ளிக்கிழமையாவது கோயில் பக்கம் போ. தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக, உன் கையில் எடுத்தது துலங்கட்டும், அடுத்த வருஷம் இந்நேரம் மூன்றுபேராக வந்து நிற்க வேண்டும், அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

முக்கியமானதை மறந்துவிடாதே. அங்கே பழைய சாமான் விற்கிற இடங்கள் இருக்கும்தானே, தேடிப் பிடித்து ஒரு கசெற் மெஷின் வாங்கி வை, வரும்போது கொண்டு வா. பாட்டு வாங்கத் தேவையில்லை என்றாய், சரி, மெஷினை வாங்கத்தான் வேண்டும், அதை உன் கம்பனி கொம்பியூற்றரில் கொட்டாது. இதை எழுதும்போது அப்பா பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். உமக்கு வேற வேலை இல்லை என்றார். போனவர் திரும்பி வந்து, பற்றறியிலயும் ஓடுறதாப் பாத்து வாங்கச் சொல்லும், கரண்ட் போனாலும் கேக்கலாம் என்கிறார். பிறகும் போகாமல் நிற்கிறார். வலது பக்கம் ஸ்பீக்கர் இருக்கிறதா என்றும் பார்க்கட்டாம்.

உன் வரவை எண்ணிக்கொண்டு, அடுப்பை அணைக்காமல் இருக்கும்,
அம்மா
மரியகொறற்றி சுவக்கின்